நுழைவாயில்காரர் மறுபடி கடை திறக்கிறார்

ஓர் ஆலோசனை நிறுவனம் எப்படி மூடப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால், அது எப்படித் திரும்பத் திறக்கப்படுகிறது என்பது சுலபமாகப் புரியும். மளிகைக் கடையை மூடினால் சரக்கு மிஞ்சும். தையல் கடையை மூடினால் இயந்திரம் மிஞ்சும். ஆலோசனை நிறுவனத்தை மூடினால் மிஞ்சுவது ஒரு வெள்ளைப் பலகை, அதை நிறுத்திவைக்கும் முக்காலி, பெட்டி நிறைய வண்ணத் துண்டுத்தாள்கள், அப்புறம் ஆலோசகர். முதல் மூன்றையும் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடலாம். நான்காவதை அப்படித் தள்ள முடியாது. அது வேளை தவறாமல் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

நம் கதையின் ஆலோசகரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய நிறுவனம் சின்ன ஊர்களுக்கும் சங்கங்களுக்கும் யோசனை சொல்லிவந்தது. பெருநகரங்களுக்கு யோசனை சொல்ல ஆள் நிறைய இருக்கிறது, சின்ன ஊர்களைத்தான் யாரும் சீந்துவதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஓர் ஊருக்குப் போவார். நாலு பேரைப் பார்ப்பார். சில மாதம் கழித்து வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கையோடு வருவார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஊருக்கு ஓர் அடைமொழி இருக்கும். ஒரே மலைச்சாலையில் அடுத்தடுத்து இருந்த மூன்று ஊர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் அவரிடம் வந்தன. மூன்றுக்கும் அவர் கொடுத்த அடைமொழி ‘மலைகளின் நுழைவாயில்’. மூன்று ஊர்களும் சாலைக்குக் குறுக்கே வளைவு கட்டின. அந்த வழியே காரில் போனவர்கள் ஒரு பாட்டு முடிவதற்குள் மூன்று நுழைவாயில்களைக் கடந்தார்கள். எதற்குள்ளும் நுழைந்த மாதிரி இல்லை. யாரோ மூன்றையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டுவிட, அது எல்லோருடைய செல்பேசிக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் நுழைவாயில்காரர். நிறுவனம் போனது, பெயர் நின்றது.

அதன்பிறகு மனைவியின், அதாவது அண்ணியின், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம், “இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பார்க்கிறீங்க?” என்று கேட்டார்.

“அவங்க லைசென்ஸ் எடுக்க வந்திருக்காங்க,” என்றார் அண்ணி. “கிளாஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க. அஞ்சு வருஷத்தை அவங்களே பார்த்துக்குவாங்க.”

ஒரு நாள் காலை, மாடிப்படிக்கு அடியிலிருந்து முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணி பல்விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மறுபடி விளக்க ஆரம்பித்தார். தடுத்துப் பயனில்லாத சத்தங்கள் எவை என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

மறுதிறப்பு என்பது மூன்று பொருள்களை மாற்றுவது: பெயர், நிறம், ஒரு சொல். பழைய பெயர்ப் பலகையில் மலையும் உதிக்கும் சூரியனும் நீலத்தில் இருந்தன. புதிய பலகையில் பச்சையில் ஒரு காது. முன்பு அவர் ‘வழிகாட்டுவோம்’ என்று சொல்லிவந்தார், இனி ‘கேட்போம்’. போன முறை தான் பேசியதுதான் தப்பு, மக்கள் பேசியிருந்தால் ஒரே அடைமொழி மூன்று முறை வந்திருக்காது என்பது அவர் கண்ட உண்மை. வீட்டின் முன்னறை அலுவலகமானது. பலகை மாட்டிய வாரத்திலேயே முதல் ஆள் வந்தார். வலது காதில் இரைச்சல், நான்கு நாளாகத் தூக்கமில்லை என்றார். அண்ணன் அவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கேட்பதுதானே புதிய கொள்கை. அப்புறம் அண்ணி வந்து அவருக்குச் சரியான மருத்துவமனையின் விலாசத்தைக் கொடுத்தார்.

நிறுவனத்தின் இன்னொரு ஊழியர், அண்ணனின் தங்கை. நகராட்சியில் குடிநீர் இணைப்புப் பிரிவில் வேலை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் கெட்டுப்போனாலும் அது கெடாதபோது எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். அலுவலகத்தில் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. ஒரு விண்ணப்பம் அவள் மேசைக்கு வரும்போது பாதி வழி வந்திருக்கும், அங்கிருந்து கிளம்பும்போது இன்னும் பாதி வழி மீதியிருக்கும். குழாயில் தண்ணீர் வந்ததா என்று அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஒரு காரியத்தையாவது தலையிலிருந்து கால்வரை முடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதனால்தான், புத்தி இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டும், சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணனோடு சேர்ந்தாள்.

“மாசக் கடைசிவரைக்கும் உன் நாற்காலியைப் பிடிச்சு வைக்கிறேன்மா,” என்றிருந்தார் மேலாளர். “அதுக்கப்புறம் என்னால முடியாது. மாடில இருக்கிற ஆபீசர் தன் மருமகளுக்கு அதைக் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

ஆக, முதல் வாடிக்கையாளர் உருப்படியாக அமைந்தால் வேலையை விட்டுவிடுவது, இல்லையென்றால் திரும்பிப் போய்ப் பாதி விண்ணப்பங்களோடு ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருப்பது. அவள் கணக்கு அவ்வளவுதான்.

முதல் வாடிக்கையாளராக ஒரு சிற்றூரின் பொதுக்கூடச் சங்கம் வந்தது. தலைவர், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். செயலாளர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா. கூடத்தை ஐந்து குழுக்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தின: பாட்டு, சதுரங்கம், தையல், உடற்பயிற்சி, புகைப்படம். “கூடத்துக்கு முன்ன மாதிரி ஆள் வர்றதில்ல, ஏன்னு தெரியல, நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்” என்பது கோரிக்கை.

முதல் கூட்டத்துக்கு அண்ணனும் தங்கையும் வெள்ளைப் பலகையோடு போய் இறங்கியபோது எல்லோரும் வாசல் படியில் நின்றிருந்தார்கள். கூடம் பூட்டியிருந்தது.

“சாவி யார்கிட்ட?” என்றார் தலைவர்.

“போன வாரம் நாங்க பூட்டினோம். ஆனா தையல் டீச்சர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே,” என்றார் சதுரங்கக்காரர்.

“நான் அதைப் பாட்டு மாஸ்டர்கிட்ட கொடுத்துட்டேனே,” என்றார் தையல் டீச்சர்.

“மாஸ்டர் குளிச்சிட்டு இருக்கார்,” என்றார் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்த ஒருவர். “தலையைத் துவட்டிட்டு வர்றாராம்.”

தங்கை செயலாளரிடம் மெல்லக் கேட்டாள். “சாவி ஒண்ணுதானாம்மா?”

“பூட்டு வாங்கும்போது ரெண்டு வந்துச்சு. ரெண்டாவது தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா உள்ள அலமாரில வச்சிருக்கோம்.”

“உள்ளன்னா, கூடத்துக்குள்ளயா?”

“ஆமாம்மா. அலமாரிக்கும் தனிப் பூட்டு போட்டிருக்கோம்.” அந்த அம்மா பெருமையோடுதான் சொன்னார்.

பாட்டு மாஸ்டர் ஈரத் தலையோடு வந்து திறந்ததும் கேட்கும் படலம் தொடங்கியது. அது நடக்கும் விதம் இது. எல்லோருக்கும் துண்டுத்தாள் கொடுப்பார்கள். ஒரு தாளில் ஒரு குறை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு ஆலோசகர் ஒரே மாதிரியான தாள்களைச் சேர்த்து மேலே ஒரு தலைப்பு ஒட்டுவார். சில தலைப்புகளைச் சேர்த்து அவற்றுக்கும் மேலே ஒரு தலைப்பு. கடைசியில் எல்லோருக்கும் மூன்று சிவப்புப் பொட்டுகள் தரப்படும். பிடித்த தலைப்பில் ஒட்டலாம். எதில் பொட்டு அதிகமோ அதுவே ஊரின் குரல். இதில் யாரும் வெளியே சொல்லாத ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ஒட்டுகிறவர் தன் மனசுக்குத் தோன்றியதில் ஒட்டுகிறார். அடுத்தடுத்து வருகிறவர்கள் எங்கே பொட்டு நிறைய இருக்கிறதோ அங்கே ஒட்டிவிட்டு டீக்குப் போகிறார்கள். ஆகவே ஊரின் குரல் என்பது பெரும்பாலும் முதலில் எழுந்த மூன்று பேரின் குரல்.

அன்றைக்குச் சுவரில் ஏழெட்டுத் தாள்களில் ‘சாவி’ என்று இருந்தது. ஒன்றில் ‘சாவி!!’ என்று இரண்டு குறிகளோடு. அண்ணன் அவற்றை அன்பாகச் சேர்த்து மேலே ‘அணுகல்’ என்று ஒட்டினார். அணுகலையும் ‘கழிவறை விளக்கு’ முதலியவற்றையும் சேர்த்து ‘வசதிகளின் ஒருங்கிணைப்பு’ ஆக்கினார். அதற்கும் மேலே ஏறிப்போனபோது எல்லாத் தாளும் ‘பொதுவான தொலைநோக்கு இன்மை’ என்பதற்குக் கீழே வந்துவிட்டன. நீரை ஆவியாக்கி மேலே அனுப்பினால் உப்பெல்லாம் கீழேயே தங்கிவிடும் அல்லவா, அதே முறைதான். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததில் எந்த ருசியும் இல்லை. தலைவர் முதல் ஆளாக எழுந்து தன் மூன்று பொட்டுகளையும் தொலைநோக்கின் மேல் ஒட்டினார்.

காரில் திரும்பும்போது தங்கை கேட்டாள். “அண்ணே, நாலு சாவி வெட்டிக் கொடுத்தா முடிஞ்சுதே?”

“முடிஞ்சிடும்,” என்றார் அண்ணன் கவலையோடு. “நம்ம ஒரு வருஷ வேலை ஒரே மத்தியானத்துல முடிஞ்சிடும்.”

“முடியட்டுமே. அதுக்குத்தானே போனோம்?”

“உனக்கு இந்தத் தொழிலோட அடிப்படையே பிடிபடல. ஒரு சங்கம் எதுக்கு ஆலோசகரைக் கூப்பிடுது? தெரியாததைத் தெரிஞ்சுக்கவா? அவங்களுக்கு எல்லாம் தெரியும்மா. ஏழு பேர் சாவின்னு எழுதுறான், தெரியாமலா எழுதுறான்? முடிவெடுத்தா யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. நாம இருக்கிற வரைக்கும் முடிவெடுக்க வேண்டாம். ஆலோசனை நடந்துக்கிட்டு இருக்குல்ல. நாம அவங்களுக்கு விக்கிறது நிம்மதி.”

“அப்ப அந்தப் பச்சைக் காது எதுக்கு?”

“அது கேக்குறதுக்கு. கேட்டதை உடனே செஞ்சிடணும்னு காதுக்கு என்ன தலையெழுத்து?”

அடுத்த வாரமே தங்கை தனியாகப் போய்ச் செயலாளரையும் சாவியையும் கூட்டிக்கொண்டு சாவி வெட்டும் கடைக்குப் போனாள். கடைக்காரர் பழைய சாவியை ஒரு பக்கமும் வெறும் சாவியை இன்னொரு பக்கமும் ஒரே தண்டில் பூட்டினார். பழைய சாவியின் பற்கள்மேல் ஒரு முள் ஊர்ந்து போனது. முள் ஏறினால் மறுபக்கம் சக்கரம் விலகியது, முள் இறங்கினால் சக்கரம் கடித்தது. பித்தளைத் தூள் தங்கமாய்ப் பறந்தது. இயந்திரம் யோசிப்பதே இல்லை, வெறுமனே தடவிப் பார்க்கிறது, அதையே செய்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு சாவி வெட்டச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்த கூட்டத்தில் குழுவுக்கு ஒன்றாக ஐந்து சாவிகள் வழங்கப்பட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் மட்டும், கன்று ஈன வேண்டிய பசு ஈனாமலே எழுந்து நடந்துபோவதைப் பார்த்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றிம்மா,” என்றார். “அப்ப வேற ஒண்ணும் இல்லையே? ஒப்பந்தத்தை முடிச்சுக்கலாம்.”

அண்ணன் வீடு வந்து சேர்ந்ததும் வெள்ளைப் பலகையை மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். அப்புறம் திரும்பினார். “உலகத்துலயே ரெண்டாவது கூட்டத்துலயே மூடின நிறுவனம் நம்மளோடதுதான்.”

“வேலை முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படுங்க,” என்றார் அண்ணி. “போன தடவை முடிக்காமலே மூடினீங்க. முன்னேற்றம்தானே?”

தங்கைக்கு ஒரு பக்கம் பெருமை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டாள். இன்னொரு பக்கம், அதற்குப் பலனாக நாற்காலிக்கே திரும்ப வேண்டியிருந்தது. மாதக் கடைசிக்குச் சில நாட்களே இருந்தன. அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் புடவைகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

மூன்றாவது புடவையில் இருக்கும்போது செயலாளர் கூப்பிட்டார்.

“நீங்க கொஞ்சம் வரணும். நல்லா இருந்த கூடத்தைக் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டீங்க.”

நடந்தது இதுதான். ஐந்து சாவிகள் வந்த மறுநாளே பாட்டுக் குழுவும் உடற்பயிற்சிக் குழுவும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தன. ஒரு பக்கம் மெதுவான ராகம், மறுபக்கம் “ஒண்ணு, ரெண்டு, குதி.” பாட்டுக்காரர்கள் தாளம் தப்பினார்கள், உடற்பயிற்சிக்காரர்கள் ராகத்துக்கு மெதுவாகக் குதித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். தையல் மேசைமேல் யாரோ சதுரங்கக் காய்களை அடுக்கி ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். தையல் டீச்சர் அவற்றைக் கூட்டிப் பையில் போட்டுவிட்டார். ஜெயிக்கிற நிலைமையில் இருந்ததாகச் சதுரங்கக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதவை மட்டும் யாரும் பூட்டவில்லை. இன்னொருத்தரிடமும் சாவி இருக்கிறதே, அவர் பூட்டிக்கொள்வார் என்று ஐந்து குழுவும் ஐந்து குழுவையும் நம்பின. இரவெல்லாம் விளக்கு எரிந்தது. ஒரு நாய் குடிவந்து, புகைப்படக் குழுவின் கறுப்புத் துணியில் குட்டி போட்டது. கால்நடை மருத்துவரான தலைவருக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

அவசரக் கூட்டத்துக்கு அண்ணனும் தங்கையும் போய்ச் சேர்ந்தபோது, சங்கம் ஏற்கனவே ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஐந்து சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து, ஒரே ஆளிடம் கொடுத்துவைப்பது.

“யார்கிட்ட?” என்றாள் தங்கை.

“அதுலதான் சின்னக் கருத்து வேறுபாடு,” என்றார் தலைவர். அவர் பின்னால் இரண்டு நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன.

“எங்க குழுதான் வாரத்துல ரெண்டு நாள் வருது,” என்றார் பாட்டு மாஸ்டர்.

“வந்து? வளையம் உங்ககிட்ட இருந்தா நீங்க குளிச்சு முடிக்கிற வரைக்கும் அஞ்சு சாவியும் குளிக்கணும்,” என்றார் தையல் டீச்சர்.

தங்கை ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவி எத்தனை என்று கேட்டவள், ஒற்றைச் சாவி என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்கவே இல்லை. ஒரு சாவி ஒரு நேரத்தில் ஒரு கையில்தான் இருக்க முடியும். அதனால் இரண்டு குழுக்கள் மோதியதே இல்லை. அது கூடத்தின் நேர அட்டவணை. கடைசியாகச் சாவி யாரிடம் இருந்ததோ அவர்தான் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டியாக வேண்டும். பூட்டாவிட்டால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அது காவல்காரர். சாவியைத் தேடித்தான் சதுரங்கக்காரர் தையல் டீச்சர் வீட்டுக்குப் போனார், போன இடத்தில் பத்து நிமிடம் பேசினார். சாவி எங்கே சுற்றுகிறது என்று கடைசியில் எல்லோரும் தலைவரைத்தான் கேட்டார்கள். அதனால் அவர் வீட்டு வாசலில் எப்போதும் யாராவது இருந்தார்கள். சாவிகள் ஐந்தானதிலிருந்து அந்த வாசலுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஒரு துண்டுப் பித்தளை இத்தனை உத்தியோகம் பார்த்திருக்கிறது. அதை வேலையிலிருந்து நீக்கியபோது, அந்த வேலைகளை யாருக்கும் மாற்றிக் கொடுக்காமலே நீக்கிவிட்டாள். ஆனால் அந்தச் சாவியும் அவற்றையெல்லாம் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் நாள் எல்லோரும் படியில் நின்றிருக்க மாட்டார்கள். இத்தனையையும் சுவரில் இருந்த ஒரு துண்டுத்தாளும் சொல்லவில்லை. அவளும் எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. நின்று கேட்பது அண்ணனுடைய பாணி, செய்வதுதான் தன் பாணி என்று நினைத்திருந்தாள்.

அண்ணன் அவள் பக்கத்தில் குனிந்தார். முகத்தில் வெளிச்சம். வெள்ளைப் பலகைக்கு அவர் ஏற்கனவே முக்காலியை விரித்துவிட்டார்.

“தலைவர் மறுபடி ஒப்பந்தம் போடச் சொல்லிட்டார். இந்தத் தடவை ரெண்டு வருஷம். ‘நீங்கதான் கெடுத்தீங்க, நீங்கதான் சரிபண்ணணும்’னு அவரே சொன்னார். முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு வரி கிடைச்சதில்லம்மா. நான் ஊர் ஊராப் போய் அறிக்கை கொடுத்தேன், ஒருத்தனும் திரும்பக் கூப்பிடல. ஏன் தெரியுமா? வளைவு கட்டினதைத் தவிர நான் சொன்னதை எவனும் செய்யல. செஞ்சிருந்தா கெட்டிருக்கும், கூப்பிட்டிருப்பான். உனக்குப் பிறவிக் கைராசி.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் செல்பேசி அடித்தது. மேலாளர்.

வெளியே படிக்கு வந்து எடுத்தாள்.

“என்னம்மா, திங்கக்கிழமை வர்றியா? மாடிலேர்ந்து இப்பதான் மறுபடி கேட்டாங்க. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாற்காலில ஒரு துண்டைப் போட்டு வச்சிடறேன்.”

உள்ளே பாட்டு மாஸ்டரின் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் படியில் உட்கார்ந்தாள். நாற்காலிக்குப் போனால், இங்கே தான் கிளறியதும் பாதியில் கைமாறிய இன்னொரு விண்ணப்பம் ஆகிவிடும். போகாவிட்டால், அண்ணன் சொன்னது உண்மையாகிவிடும். கெடுத்தவளே திரும்பி வந்து, கெடுத்ததைச் சரிபண்ண ஊதியம் வாங்குவது. இரண்டில் எது கேவலம் என்று சற்று நேரம் நியாயமாகவே யோசித்தாள்.

“சார், அந்த மருமகளுக்கே கொடுத்துடுங்க,” என்றாள்.

“நிஜமாவா? அங்க எல்லாம் நல்லாப் போகுதா?”

“இல்ல சார். நாறிப்போச்சு. அதனாலதான்.”

நகராட்சியில் இந்தக் காரணத்துக்காக யாரும் வேலையை விட்டதில்லை.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது அண்ணன் பெட்டியைத் திறந்து துண்டுத்தாள்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னே அவர்கிட்ட?”

“வேலையை விட்டுட்டேன்.”

“பார்த்தியா. எனக்குத் தெரியும். நிறுவனத்துமேல உனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.”

“நிறுவனம் இல்லண்ணே. நான் கெடுத்ததை நானே உக்காந்து சரிபண்ணணும்.”

“அதேதாம்மா,” என்றார் அண்ணன் பாசத்தோடு. “அதுக்குத் தொழில்ல தொடர் சேவைன்னு பேரு.”

அவர் கையிலிருந்த துண்டுத்தாள் கட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளில் ஒன்றை நிமிர்த்தி, கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒருத்தர் ஒருத்தராத் திட்டுங்க,” என்றாள். “எதையும் எழுத வேண்டாம். கதவைப் பூட்டாமப் போனவங்க முதல்ல.”

ஐந்து குழுவும் ஒரே நேரத்தில் மற்ற நான்கு குழுக்களைக் கை காட்டின. “சரி டீச்சர், நீங்க ஆரம்பிங்க,” என்று அவள் நாற்காலியைத் தையல் டீச்சர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.